சித்திரத்தின் முதுகில் மூன்று கோடு

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு சித்திரத்தைத்தான் ஆராய்ந்து கருத்துச் சொல்லியிருக்கிறேன். நான் ஆராய்ந்து முடித்தபோது அதன் வானத்தில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் விழுந்திருந்தது. அதற்குப் பிறகு யாரும் என்னிடம் கருத்துக் கேட்கவில்லை. நானாகவும் சொல்லப் போகவில்லை.

பத்திரிகைகளில் சிலர் ஒரு படத்தைப் போட்டு, இதில் வெளிச்சம் இப்படி விழுகிறது, இந்த வண்ணம் இந்த உணர்ச்சியைத் தருகிறது என்றெல்லாம் எழுதுகிறார்கள். நான் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் திருப்பிவிடுவேன். (அவர்கள் எழுத்தில் குற்றமில்லை. எனக்குப் பழைய ஞாபகம்.) மிஷன் பள்ளியில் நாலாவது பாரத்தோடு படிப்பை நிறுத்தியவன் நான். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் தரம் பிரிப்பது என் வேலை. அப்போதும் அதுதான், இப்போதும் அதுதான்.

அந்த வேலையைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நான் செய்த காரியம் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். (சொன்னாலும் தெரியும்.) பதனிட்ட தோல் கைக்கு வந்ததும் அதை வடக்குப் பார்த்த ஜன்னலுக்கு எடுத்துப் போக வேண்டும். வடக்கு வெளிச்சம்தான் பொய் சொல்லாது. மேல்பக்கத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தேய்க்க வேண்டும். மோந்து பார்க்க வேண்டும். பிறகு மேல்பக்கம் வெளியே தெரியும்படி மடித்து, மடிப்பின்மேல் விரலை ஓட்ட வேண்டும். எண்ணெய் சரியாக ஏறிய தோல் சும்மா இருக்கும். ஏறாத தோல் ‘டிக்’கென்று வெடிக்கும். கடைசியில் திருப்பிப் போட்டு, முதுகில் நீலச் சாக்பீஸால் கோடு. ஒரு கோடு முதல் தரம், இரண்டு கோடு இரண்டாந் தரம், மூன்று கோடு மூன்றாந் தரம். அதற்கும் கீழே போனால் ஒரு பெருக்கல் குறி. இத்தனையும் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் முடிந்துவிடும். கை தானாகச் செய்யும். மனசு வேறெங்காவது போய்விட்டு வரலாம்.

கை இப்படி என்றால் வாய் நேர்மாறு. மனிதர்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. கோயிலில் பாட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுத்த ஒரு பெண்ணுக்கு நன்றி சொல்ல வாயைத் திறந்து, ‘ஆமென்’ என்று சொல்லியிருக்கிறேன். இருபத்துமூன்று வயதுக்குள் இரண்டு இடத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். முதல் வீட்டில் நான் வந்ததிலிருந்து போகிறவரை பாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘மாப்பிள்ளை பாய் வியாபாரமா?’ என்று கேட்டார்கள். இரண்டாவது வீட்டில் அதுவும் கேட்கவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். டேனரியில் வேலை செய்கிறவனின் வாசனை, குளித்தால் போகிற வாசனை இல்லை.

அந்த இரண்டு இடமும் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. மூன்றாவது இடம் அப்படியில்லை. வேலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்த தேவசகாயம் என்பவரின் ஒரே மகள் சுந்தரி. அவளும் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எங்கள் ஊர்க் கோயிலுக்குப் பாட்டுப் பாட வந்திருந்தாள். கூட்டத்தில் என் பக்கம் திரும்பி, “உங்க காதுல இன்னாமோ நீலமா இருக்குது” என்றாள். டேனரியிலிருந்து அப்படியே வந்துவிட்டேன், காதிடுக்கில் சாக்பீஸ். நான் அதை எடுத்து அவளிடமே கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளும் வாங்கிக்கொண்டாள். ஏன் வாங்கினாள் என்று அவளுக்கும் தெரியவில்லையாம்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா அம்மா இல்லாத என்னை வளர்த்தவள் எஸ்தர் அக்கா. அவள் விஷயத்தைப் பிடுங்கியெடுத்து, ஆள் விட்டுப் பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலுக்குப் பெண் பார்க்க ஏற்பாடு செய்துவிட்டாள்.

அங்கே ஒரு பெரிய கண்டம் இருக்கிறது என்று கண்டுபிடித்தவன் என் சிநேகிதன் காதர் பாஷா. எங்கள் டேனரிக்குக் குதிரை வண்டி ஓட்டுகிறவன். சொந்தக்காரப் பையன் ஒருவன் அந்த மாஸ்டரிடம் படிப்பதால் அவனுக்கு எல்லாச் செய்தியும் வந்துவிடும்.

“அரே சாமு, அந்த வூட்ல ஒரு படம் இருக்குதுடா. அவரே வரஞ்சது. சீமையில பேர் போன படமாம், அத பாத்து எட்டு வருஷமா வரஞ்சிருக்காரு. பொண்ணு பாக்க போறவன அதுக்கு முன்னால நிறுத்தி, ‘இத பாத்தா உங்களுக்கு மனசுல இன்னா தோணுது’ன்னு கேப்பாராம். இதுவரைக்கும் ரெண்டு பேரு அவுட்டு.”

“அவங்க இன்னா சொன்னாங்க?”

“ஒருத்தன் ‘படம் பெருசா இருக்குது’ன்னான். இன்னொருத்தன் ‘குதிரை ஜோரா இருக்குது’ன்னான். ரெண்டு பேருக்கும் காபி குட்த்து அனுப்பிட்டாரு.”

பாஷா என் தோளைத் தட்டினான்.

“பேஜாராவாத. பதில் என் கைல இருக்குது. வருஷா வருஷம் அந்தப் படத்த பத்தி பசங்களுக்கு ஒரு பாடம் நட்த்துறாராம். வண்டி ஆத்துல மாட்டிக்கிச்சு. வண்டிக்காரன் பாவம், குதிரை பாவம். நீ ஒரே ஒரு வார்த்த சொல்லணும். ‘துயரம்’. அவ்ளோதான். சொல்லு.”

“துய… துயரம்.”

“கொஞ்சம் அழற மாரி சொல்லுடா.”

கேள்வித்தாள் முன்கூட்டியே கையில் கிடைத்த மாணவன் நான். அப்படியும் தோற்றேன் என்றால், வேறு யாராலும் அது முடிந்திருக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேர் புறப்பட்டோம்: நான், அக்கா, பாஷா. அக்காவின் கணவருக்கு ஜோலார்பேட்டையில் ரயில்வே உத்தியோகம். அவருக்கு லீவு கிடைக்கவில்லை, அவர் கோட்டுக்குக் கிடைத்தது. அதைத்தான் நான் போட்டிருந்தேன். ஆம்பூரிலிருந்து காட்பாடி வரை ரயிலில் நான் கண்ணை மூடிக்கொண்டு, “துயரம், துயரம்” என்று முணுமுணுத்தபடியே போனேன். எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் வெகுநேரம் என்னைப் பார்த்துவிட்டு, “யாரு தம்பி தவறிட்டாங்க?” என்று கேட்டு, ஒரு வாழைப்பழம் கொடுத்தார். காட்பாடியில் இறங்கியதும் அக்கா என் காதிலிருந்த சாக்பீஸைப் பிடுங்கித் தண்டவாளத்தில் எறிந்தாள். கோட்டுப் பையில் இன்னொன்று இருந்தது அவளுக்குத் தெரியாது. நான்தான் வைத்தேன். சாக்பீஸ் இல்லாமல் வெளியே போனால் எனக்கு ஏதோ துணியில்லாமல் போவது போல இருக்கும்.

மாஸ்டர் வீடு சின்னது, சுத்தமானது. அவர் மெலிந்த மனிதர். மூக்குக் கண்ணாடி. கோட்டுப் பொத்தான்கள் அத்தனையும் மாட்டியிருந்தார். மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது என்று அக்கா வழியிலேயே சொல்லியிருந்தாள். சுந்தரி காபி கொண்டுவந்து கொடுத்தாள். எனக்குக் கொடுக்கும்போது என் காதைப் பார்த்தாள். நான் பாயைப் பார்த்தேன்.

“வாங்க தம்பி” என்று மாஸ்டர் எழுந்தார். “ஒரு படம் இருக்குது. பாருங்க.”

பாஷா என் முதுகில் விரலால் குத்தினான்.

படம் கூடத்துச் சுவரில் இருந்தது. கெட்டித் துணியில் எண்ணெய் வர்ணம். கண்ணாடி, சட்டம் எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்துத் தேசப்படம் போல மேலே ஒரு கட்டை, கீழே ஒரு கட்டை அடித்து ஆணியில் மாட்டியிருந்தார். நடுவில் ஒரு ஆறு. அதில் முழங்கால் அளவு தண்ணீர். (பெரும்பாலும் மணலாகவே கிடக்கும் பாலாற்றங்கரையில் பிறந்த எவனுக்கும் அந்தப் படத்தைப் பார்த்ததும் வருகிற முதல் உணர்ச்சி பொறாமை.) தண்ணீருக்குள் ஒரு மரவண்டி நிற்கிறது. முன்னால் கறுப்புக் குதிரைகள், கழுத்துப் பட்டையில் சிவப்பு. வண்டியில் இரண்டு ஆட்கள். கரையில் ஒரு நாய் அவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இடது பக்கம் ஒரு ஓட்டு வீடு, பக்கத்தில் பெரிய மரங்கள், அதன் நிழல் தண்ணீரில். வீட்டுப் புகைபோக்கியில் மெல்லிய புகை. வலது பக்கம் தூரத்தில் வெயில் விழுந்த ஒரு வெளி. எல்லாவற்றுக்கும் மேலே, படத்தில் பாதிக்கு வானம், வானம் முழுக்க மேகம்.

“சொல்லுங்க தம்பி. இத பாத்தா உங்களுக்கு மனசுல இன்னா தோணுது?”

நான் வாயைத் திறந்தேன். ‘து’ வரைக்கும் வந்துவிட்டது. கடவுள் சாட்சியாக வந்துவிட்டது.

அப்போது என் கண் வானத்தில் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டது. மேகத்துக்கும் நீலத்துக்கும் நடுவில் வர்ணம் சமமாக ஏறவில்லையோ என்று ஒரு சந்தேகம். சரியாகத் தெரியவில்லை. படம் இரண்டு ஜன்னலுக்கு நடுவில் இருந்ததால் வெளிச்சம் என் கண்ணில் அடித்ததே தவிர, படத்தில் விழவில்லை. சந்தேகம் வந்துவிட்டால் என்ன செய்வோம்? வடக்கு வெளிச்சத்துக்குக் கொண்டுபோவோம்.

அடுத்து நடந்ததை நான் செய்தேன் என்று சொல்வது சரியில்லை. என் கைகள் செய்தன. நான் கூடப் போனேன்.

கைகள் படத்தை ஆணியிலிருந்து கழற்றின. வடக்கு வாசலுக்கு எடுத்துப் போயின. கட்டைவிரல் குதிரையின் முதுகிலிருந்து ஆறு வழியாக நாய் வரைக்கும் ஒரு இழுப்பு இழுத்தது. மூக்கு மரத்தடியில் மோந்தது. பிறகு கைகள் வானத்தின் ஒரு பக்கத்தை வெளிப்புறமாக மடித்து, மடிப்பின்மேல் விரலை அழுத்தி ஓட்டின.

டிக்.

டேனரியில் அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு ஒரு நிம்மதி வரும். சந்தேகம் தீர்ந்தது என்று அர்த்தம். அன்றும் நிம்மதி வந்தது. அதே நிம்மதியோடு படத்தைத் திருப்பி, கோட்டுப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, முதுகில் விறுவிறுவென்று மூன்று கோடு போட்டேன். அடுத்த தோலுக்குக் கையை நீட்டினேன்.

அடுத்த தோல் இல்லை. கையில் மாஸ்டரின் கோட்டுக் கை பட்டது.

வானத்திலிருந்து பெயர்ந்த ஒரு துணுக்கு மெதுவாகச் சுற்றிக்கொண்டே இறங்கி, வாசலோரம் உட்கார்ந்திருந்த அக்காவின் காபி டம்ளரில் விழுந்தது. அக்கா அதைக் கவனிக்கவில்லை. பயத்தில் மடமடவென்று குடித்துவிட்டாள்.

மாஸ்டர் விரிசலைப் பார்த்தார். அவர் முகம் கோபத்தில் சிவந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அது வெளுத்திருந்தது. படத்தை என் கையிலிருந்து வாங்கி, மெல்லத் திருப்பி, கோடுகளைப் பார்த்தார்.

“இன்னா தம்பி இது?”

“மூணு கோடுங்க.”

“மூணு கோடுன்னா?”

பாஷா பாய்ந்து வந்தான். “மாஸ்டர், மூணு கோடுன்னா எங்க ஊர்ல ரொம்ப உசத்தி! எல்லாத்துக்கும் போட மாட்டான் இவன். ஒரு கோடு, ரெண்டு கோடு, அப்புறம் மூணு…”

“இல்லீங்க” என்றேன் நான். “மூணாந் தரங்க.”

பாஷா உட்கார்ந்துவிட்டான். பாய் இருந்த இடத்தில்கூட இல்லை, வெறும் தரையில்.

எல்லாரும் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். தரம் பிரிக்கிறவன் பொருளுக்கு முன்னால் நிற்கும்போது பொய் சொன்னால் அவன் தொழில் அன்றோடு முடிந்தது. முதலாளி சாயபு வந்து கேட்டாலும், துரை வந்து கேட்டாலும் மூன்று மூன்றுதான். எனக்கு வாய் திறக்கிற ஒரே இடமும் அதுதான். அங்கே திறந்துவிட்டால் மூடவும் தெரியாது.

மாஸ்டரும் வாத்தியார்தானே. “காரணம்?” என்றார். பரீட்சைத்தாள் திருத்துகிறவரின் குரல்.

“வானத்துல கலரு சமமா ஏறலீங்க. எண்ணெ கம்மி, அதான் மடிச்சா வெடிக்குது. எடது ஓரத்துல துணி கொஞ்சம் இழுத்துக்கிச்சு.”

“அப்புறம்?”

“தண்ணி முதல் தரங்க. மரமும்தான். நெழல் அவ்ளோ நல்லா வந்திருக்குது.” நான் நிறுத்தியிருக்கலாம். அக்கா கண்ணாலேயே என்னைக் கும்பிட்டாள். “ஆனா வண்டில இருக்கிறவங்க மூஞ்சி தப்புங்க.”

“இன்னா தப்பு?”

“சோகமா இருக்குது. அவங்களுக்குச் சோகம் ஒண்ணும் இல்லீங்களே.”

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வண்டி ஆத்து நடுவுல மாட்டிக்கினு இருக்குது. முன்னாலயும் போவ முடியல, பின்னாலயும் போவ முடியல. அவங்க மொகம் வேற எப்டி இருக்கும்?”

“மாட்டிக்கல ஐயா” என்றேன். படத்தருகே போய், இந்தத் தடவை தொடாமல், விரலால் காட்டினேன். “கவுறு பாருங்க, தொங்குது. மாட்டிக்கினு இருந்தா விறைச்சிக்கினு இருக்கும். குதிரைங்க தலை குனிஞ்சு இழுக்கும். இந்த ஆளு வண்டி மேல உக்காந்துக்கினு இருக்கான். மாட்டிக்கினா கீழ எறங்கி சக்கரத்துக்குத் தோள் குடுப்பான். நாய் கொலைக்கும். இது சும்மா பாக்குது. வூட்ல பொகை வருது பாருங்க, அடுப்பு எரியுது. ஒருத்தரும் ஓடி வரல.”

“அப்ப ஏன் தண்ணியில நிக்கிறான்?”

“சக்கரம் ஊற வெக்கறாங்க. வெய்யக் காலத்துல கட்டை காய்ஞ்சு சுருங்கிடும், இரும்புப் பட்டா லொடலொடன்னு கழண்டுக்கும். தண்ணியில கொஞ்ச நேரம் நிறுத்துனா கட்டை உப்பி பட்டாவ பிடிச்சுக்கும். பாலாத்துல தண்ணி இருக்கிற அன்னிக்கு எங்க வண்டிங்களும் இப்டித்தான் நிக்கும். பாஷாவ கேளுங்க.”

தரையிலிருந்து பாஷா, அவனையும் மீறி, “ஆமா மாஸ்டர். நல்லா ஊறணும்” என்றான்.

“வண்டி காலியா இருக்குது. அதோ அந்தாண்ட வெய்யில்ல வெளி தெரியுதே, அங்க ஆளுங்க புல்லு அறுக்கறாங்க, எறும்பு மாரி. சக்கரம் ஊறுனதும் இவன் அங்கதான் போவான். போய் ஏத்திக்கினு வருவான். கொஞ்ச நேரம் நிக்கிறான், அவ்ளோதான். இதுல துய…” அந்த வார்த்தை அப்போதுதான், அந்த இடத்தில்தான், முழுசாக வெளியே வந்தது. “…துயரம் ஒண்ணும் இல்லீங்க.”

பாஷா தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

மாஸ்டர் படத்தின் வலது மூலைக்குக் குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “இந்த ஆளுங்கள நான்தான் வரஞ்சேன்” என்றார், எங்களிடம் இல்லை, தனக்குத்தானே. “ஒவ்வொருத்தரா வரஞ்சேன். வண்டி அங்க போவும்னு மட்டும் எனக்குத் தோணல.”

உள்வாசலிலிருந்து சுந்தரியின் குரல் வந்தது. “நான் சின்ன புள்ளையா இருக்கறப்பவே கேட்டேன்பா. கவுறு தொங்குதே, குதிரை இழுக்கலியேன்னு. நீங்கதான் பெருசானா புரியும்னீங்க.”

எனக்கு அவள்மேல் இருந்த ஆசை அந்த நிமிஷத்தில் இரண்டு பங்காகியது. அவள் கிடைக்க மாட்டாள் என்று நிச்சயமானதும் அந்த நிமிஷத்தில்தான். மாஸ்டர் நிமிர்ந்து, கோட்டின் பொத்தான்களை ஒரு தடவை தொட்டுப் பார்த்து, மிக மரியாதையாக, “நீங்க போய்ட்டு வாங்க” என்றார்.

காட்பாடி போகிற ஜட்கா வண்டியில் பாஷா மட்டும்தான் பேசினான். “ஒரு வார்த்தடா. ஒரே ஒரு வார்த்த. கிளிப்பிள்ள சொல்லும்டா. என் குதிரைக்கு சொல்லிக் குட்த்திருந்தா அது சொல்லியிருக்கும்.” ஜட்காக்காரர் விஷயம் என்னவென்று கேட்டார். பாஷா ஆதியோடந்தமாகச் சொன்னான். ஜட்காக்காரர் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். ரயிலில் ஏறி வெகுதூரம் போன பிறகு அக்கா வாயைத் திறந்தாள்.

“அந்தக் காபில இன்னாடா சாமு இருந்திச்சு? இன்னும் தொண்டைல கரகரன்னுது.”

“வானம்க்கா” என்றேன்.

அடுத்த ஸ்டேஷனில் அவள் தெரிந்த வாணியம்பாடிக்காரர்கள் யாரையோ பார்த்து வேறு பெட்டிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மதியத்துக்குள் டேனரி முழுக்கத் தெரிந்துவிட்டது. சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறவர்கள் நான் போனால் வானத்தைப் பார்த்து, “இன்னிக்கு எத்தினி கோடு சாமு?” என்பார்கள். முதலாளி சாயபு என்னைக் கூப்பிட்டு, சிரிக்காமல், “நம்ம தோலு வரைக்கும் நிறுத்திக்க தம்பி, ஆண்டவன் சமாச்சாரத்துக்குப் போவாத” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு வருஷம் ஒரு மனிதர் செய்ததை நான் ஒரு மூச்சில் மடித்துவிட்டு வந்திருந்தேன். மூன்று கோடு போட வேண்டிய தோல் வரும்போதெல்லாம் அந்த வெளுத்த முகம் வரும். சில தோல்களுக்கு இரண்டே கோடு போட்டேன். என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த ஒரே திருட்டு அதுதான்.

மூன்று வாரம் கழித்து ஒரு தபால் கார்டு வந்தது. ஒவ்வொரு எழுத்தும் அச்சுப் போல இருந்தது. ‘வண்டியோட்டிகளின் முகங்களைத் திருத்தியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு வந்து பார்க்கவும். சாக்பீஸ் கொண்டுவர வேண்டாம்.’

தனியாகப் போனேன். வாசலிலேயே இரண்டு கோட்டுப் பையையும் வெளியே இழுத்துக் காட்டினேன். மாஸ்டர் தலையசைத்து உள்ளே விட்டார். படம் இப்போது வடக்கு வெளிச்சம் விழுகிற சுவருக்கு மாறியிருந்தது. வண்டியில் ஒருவன் முகத்தில், சிரிப்பு என்று சொல்ல முடியாது, சாப்பாட்டுக்கு நேரமாகிறதே என்று நினைக்கிறவனின் சாவகாசம். இன்னொருவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வானத்தில் விரிசல் இருந்த இடத்தில் வரிசையாக ஐந்து கொக்கு பறந்துகொண்டிருந்தன. சீமைப் படத்தில் அவை கிடையாது. கொக்குகள் நம் ஊர்க் கொக்குகள், பாலாற்றில் தண்ணீர் வந்தால் வருகிறவை.

“அது இவ வேலை” என்றார் மாஸ்டர். சுந்தரியின் விரலில் வெள்ளை வர்ணம் இன்னும் இருந்தது.

“இப்ப எத்தினி கோடு?” என்று கேட்டார்.

நான் பார்த்தேன். பொய் சொல்லிவிடலாம் என்று அன்று நிஜமாகவே முயற்சி செய்தேன். “ரெண்டரைங்க” என்றேன்.

மாஸ்டர் படத்தை ஆணியில் நேராக்கினார். பிறகு, “பொண்ண குடுக்கறேன்” என்றார். “படத்த குடுக்க மாட்டேன்.”

அந்தப் படத்தைப் பற்றி மிச்சமிருந்ததைக் கல்யாணத்துக்குப் பிறகு சுந்தரி சொன்னாள். அவள் அம்மா இறந்த வருஷம்தான் அவர் அதை ஆரம்பித்தாராம். வீடு, மரம், ஆறு எல்லாம் முடித்துவிட்டு, வண்டிக்கு வந்ததும் நின்றுவிட்டாராம். வருஷக்கணக்காக அந்த வண்டியையே அழித்து அழித்து வரைந்துகொண்டிருந்தாராம்.

கல்யாணத்தன்று கோயிலில் இன்னொரு காரியம் நடந்தது. ஆராதனை முடிந்து, நானும் சுந்தரியும் சபைக்கு முதுகு காட்டிப் பாதிரியார் முன்னால் முழங்காலிட்டோம். பின்னால் ஒரு சிரிப்பு எழுந்தது. அது பெஞ்சுக்குப் பெஞ்சு பரவியது. பாதிரியார் ஜெபத்தை நிறுத்தி எட்டிப் பார்த்தார். என் புதுக் கறுப்புக் கோட்டின் முதுகில் மூன்று கோடு.

நான் ஒரே நொடியில் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்: பாஷா. கோயில் வாசலில் அவன்தான் என் முதுகைத் தட்டிக் கட்டிப்பிடித்தான். எங்கள் பைபிள், தன் குலதெய்வம் என்று எல்லாவற்றின் மேலும் அவன் சத்தியம் செய்தான். (அவனுக்குக் குலதெய்வம் கிடையாது, அதனால் நான் நம்பவில்லை.) பத்து நாள் பேசாமல் இருந்தேன். கடைசியில் அவன் அலுத்துப்போய், “சரிடா, நான்தான்னு வெச்சுக்க” என்று ஒரு தேக்சா நிறையப் பிரியாணி கொண்டுவந்து சமாதானம் செய்தான். அதிலிருந்து வருஷாவருஷம் எங்கள் கல்யாண நாளுக்கு ஒரு தேக்சா பிரியாணி வரும். இருபத்திரண்டு வருஷம் வந்தது.

போன வருஷம் மாமனார் காலமானார். கொடுக்க மாட்டேன் என்ற படம் எங்கள் வீட்டுக்கு வந்தது. மாட்டுவதற்குத் திருப்பினேன். முதுகில் என் நீலக் கோடுகள் மூன்றும் அப்படியே இருந்தன. அழியாமல் இருக்க மேலே வார்னிஷ் பூசியிருந்தார்.

சுந்தரி உள்ளே போய், டிரங்குப் பெட்டியிலிருந்து என் கல்யாணக் கோட்டை எடுத்துவந்து பக்கத்தில் விரித்தாள். அதை அவள் துவைக்கவே விட்டதில்லை. இரண்டையும் வடக்கு ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். படத்தின் முதுகில் டேனரியின் நீலச் சாக்பீஸ், கோணல்மாணலாக. கோட்டின் முதுகில் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சாக்பீஸ். மூன்று கோடும் ஸ்கேல் வைத்த மாதிரி நேர், ஒரே நீளம், ஒரே இடைவெளி. பாஷா வண்டியையே நேராக ஓட்ட மாட்டான்.

“உனக்கு எப்பலேந்து தெரியும்?” என்று சுந்தரியைக் கேட்டேன்.

“அன்னிக்கே. என்ன கூட்டியாந்து நிறுத்தறப்ப அப்பாதான் போட்டாரு, நான் பக்கத்துலதான இருந்தேன். பாத்ததும் அப்பா ‘உஷ்’ன்னாரு. ‘பெரிய கண்ணுக்காரன் ஆச்சே, அவனே கண்டுபுடிக்கட்டும்’னாரு. வருஷா வருஷம் என்ன கேப்பாரு, ‘கண்டுபுடிச்சானா?’ன்னு. இல்லன்னதும் அப்டி ஒரு சிரிப்பு.”

அந்த மனிதருக்குச் சிரிக்கவே தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாஷாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். “இருபத்திரண்டு தேக்சாடா!” என்று கத்தினான். “செய்யாத தப்புக்கு இருபத்திரண்டு தேக்சா!” இந்த வருஷத்திலிருந்து பிரியாணி எங்கள் வீட்டிலிருந்து அவன் வீட்டுக்குப் போகிறது.

எங்கள் வீட்டில் எந்தப் பண்டத்துக்கும் கோடு உண்டு. தோசை கருகினால் பிள்ளைகள் அதைத் திருப்பிப் போட்டு விரலால் மூன்று கோடு இழுப்பார்கள். என் மகனின் பரீட்சை மார்க் அட்டையின் முதுகில்கூட அவன் தங்கை போட்டிருக்கிறாள். என் தரம் மட்டும் மாறவே இல்லை, அந்தக் கல்யாணக் கோட்டின் முதுகில் இருக்கிற அதே மூன்று கோடுதான். போன வாரம் சுந்தரி நல்ல மனநிலையில் இருந்த சமயம் பார்த்து, “இத்தினி வருஷம் ஆச்சே, ஒரு கோட்ட அழிச்சிடேன், ரெண்டாந் தரம் ஆவட்டும்” என்று கேட்டேன்.

அவள் என் தோளைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அவசரம் இல்ல” என்றாள். “இன்னும் கொஞ்சம் ஊறட்டும்.”